அடைக்கோழியும் அதன் குஞ்சுகளும்

(மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வீட்டுக் கொல்லையில் நான்கு கோழிகள் மேய்வதைத் தொழில் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆயினும், பள்ளிப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கவும், திடீரென வந்த காய்ச்சலுக்கு மருந்து வாங்கவும், யாரிடமும் கைநீட்டாமல் ஒரு பெண் எடுத்துச் செலவிடும் பணம் பல வீடுகளில் முட்டை விற்ற பணமாகவே இருக்கிறது. நிலம் கணவர் பெயரில் இருக்கலாம். மாடு மாமனாருடையதாக இருக்கலாம். கோழி மட்டும் வீட்டுப் பெண்ணுடையது. ஆதலால் கோழி மடிந்தால் நட்டம் யாருக்கு என்பதை விளக்க வேண்டுவதில்லை. அடை வைப்பது முதல் குஞ்சுகளைக் காப்பது வரை அறிய வேண்டுவனவற்றை இன்று நாம் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

முட்டைத் தேர்வு

கடையில் விற்கும் பண்ணை முட்டையை அடை வைத்தால் குஞ்சு வராது. அப்பண்ணைகளில் சேவல் இல்லை; ஆதலால் முட்டையில் கருவும் இல்லை. அங்கே வளரும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள் முட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அடைகாக்கும் இயல்பை அவை பெரிதும் இழந்துவிட்டன. நம் நாட்டுக் கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரையே இடும். எனினும், தானே அடைகாத்து, தானே குஞ்சுகளை மேய்த்து, பருந்து வட்டமிட்டால் சிறகுக்குள் அணைத்துக்கொள்ளும் திறம் அதனிடமே இருக்கிறது. கொல்லைக்கு ஏற்றது அதுவே.

8 அல்லது 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். இட்ட முட்டையை அன்றன்றே எடுத்து, கூர்முனை கீழாக இருக்குமாறு, குளிர்ந்த இடத்தில் மணல் அல்லது உமியின்மேல் வைக்க வேண்டும். முட்டையைக் கழுவுதல் கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு நீங்கிக் கிருமிகள் உள்ளே புக வழி உண்டாகும். அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ஒரு நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் 12 முதல் 15 முட்டை இடும். அவற்றை இட்டு முடிக்க இரண்டு வாரங்களுக்கு மேலாகும். அடைக்கு உகந்தவை 7 நாட்களுக்கு உட்பட்ட முட்டைகளே. ஆகையால் ஈட்டின் முதல் முட்டைகளை விற்றுவிடலாம். அல்லது பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கலாம். பின்னால் இட்டவற்றை அடைக்கு வைத்துக்கொண்டு, குறைவதை அண்டை வீட்டிலிருந்து மாற்றாக வாங்கிக்கொள்ளலாம்.

இருபத்தொரு நாட்கள்

அகன்ற மண்சட்டியிலோ கூடையிலோ மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் இட்டு, 10 அல்லது 12 முட்டை வைத்தால் போதும். கோழியின் உடலுக்கு அடங்காமல் வெளியே தெரியும் முட்டை ஆறிப்போகும். கோழி மாற்றி மாற்றிப் புரட்டும்போது ஒவ்வொரு முட்டையும் ஒவ்வொரு நாள் வெளியே வந்து கெடும். பதினெட்டு வைத்து ஐந்து பொரிப்பதன் காரணம் இதுவே.

இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று அஞ்சி, அடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் மிளகாய் வற்றலும் வைப்பது நம் வழக்கம். வைப்பதால் கேடில்லை. ஆயின், கூமுட்டைக்குக் காரணம் இடியன்று. சேவல் சேராமை, முட்டை பழையதாதல், கோழி நெடுநேரம் அடையை விட்டு விலகியிருத்தல் ஆகியவையே காரணங்கள். கோழி விலகுவதற்குப் பெரும்பாலும் பேன் தொல்லையே அடிப்படை. ஆகவே அடை வைக்குமுன் கோழியைச் சாம்பலில் புரளவிடுங்கள். நாள்தோறும் ஒருமுறை, கால் மணி நேரம் அளவுக்கு, தீனியும் நீரும் கொடுத்து எச்சமிட வெளியே விடுங்கள்.

ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் டார்ச் விளக்கின்மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் செந்நரம்புகள் தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிவாகவே இருந்தால் அது கருவற்றது, எடுத்துவிடலாம். பதினெட்டாம் நாளுக்குமேல் அடையைக் கலைக்க வேண்டாம். ஓட்டை உடைத்துக் குஞ்சுக்கு உதவ முனைவதும் வேண்டாம். ஓட்டின் உட்சவ்வில் இரத்தக்குழாய்கள் வற்றுமுன் பிய்த்தால் குஞ்சு இறந்துபோகும்.

குஞ்சுப் பருவம்

முதல் நான்கு வாரமே கண்டம். பருந்து, காகம், கீரி, பூனை ஆகிய யாவும் அப்போதுதான் காத்திருக்கின்றன. முதல் இரண்டு வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, நொய்யும் உடைத்த கம்பும் கொடுங்கள். தண்ணீரை ஆழமற்ற தட்டில் வையுங்கள். ஆழமான சட்டியில் குஞ்சு மூழ்கி இறக்கும்.

காசு செலவில்லாத புரத உணவு ஒன்று உண்டு. பழைய பானையில் கிழிந்த கோணியும் காய்ந்த சாணமும் திணித்து, நீர் தெளித்து, கறையான் நடமாட்டமுள்ள தரையில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலை பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதனினும் சிறந்த தீனி இல்லை.

வெள்ளைக்கழிச்சல்

இத்தனை உழைப்பையும் ஒரே வாரத்தில் அழிப்பது வெள்ளைக்கழிச்சல். நம் நாட்டில் இது 1927ஆம் ஆண்டு இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கேட்டில் கண்டறியப்பட்டமையால் இராணிக்கேட் நோய் எனப்பட்டது. வெண்மையும் பச்சையும் கலந்த கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கல், இறக்கை தொங்கல் ஆகியவை இதன் அடையாளங்கள். வந்தபின் மருந்தில்லை, வருமுன் காக்கத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். தடுப்பு மருந்து பெரும்பாலும் 100 கோழிகளுக்கோ அதற்கு மேலோ உரிய குப்பியாகவே வருகிறது. கலக்கியபின் குளிர்ச்சி குறையாமல் சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஐந்து கோழி உள்ள ஒரு வீட்டுக்காகக் குப்பியைத் திறக்க இயலாது. தெருவே சேர்ந்தால்தான் ஊசி. தெரு சேராவிட்டால் ஒருவருக்கும் இல்லை. ஆதலின் நாள் குறித்து, விடியுமுன் கோழிகளைக் கூட்டிலேயே அடைத்து வைத்து, கால்நடை மருந்தகத்துக்கு முன்கூட்டிச் சொல்லுதல் குழுவின் கடமையாகும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கோழி தலை சாய்ந்தவுடன், சாவதற்குள் காசாக்கிவிடலாம் என்று சந்தைக்குக் கொண்டு செல்வோரை நாம் பல ஊர்களில் காண்கிறோம். இழப்புக்கு அஞ்சும் ஏழை மனம் அப்படிச் செய்யத் தூண்டுவது இயல்பே. ஆயினும் அந்தக் கோழி இறங்கும் கொல்லையும் நம்மைப்போன்ற ஒரு பெண்ணின் கொல்லைதான். அவளுடைய முட்டைப் பணமும் அத்தோடு போகிறது. அடுத்த சந்தையில் அதே நோய் நம் வாசலுக்குத் திரும்பி வருகிறது. நோயுற்றதைத் தனியே பிரித்து வையுங்கள். இறந்ததை ஓடையில் எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்தபின் கூட்டத்தில் சேருங்கள்.

பத்துக் குஞ்சு பொரித்து நான்கு மிஞ்சுவதும் எட்டு மிஞ்சுவதும் விதியன்று, கவனிப்பின் வேறுபாடே. இக்கூட்டம் கலையுமுன் எந்தெந்த வீட்டில் எத்தனை கோழி என்று கணக்கெடுத்து, ஊசி போடும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே இன்றைய பேச்சின் பயனாக அமையட்டும்.