கைப்பேசியில் வரும் திருடன்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இதுபோன்ற விழாக்களில் கல்வியின் சிறப்பைப் பேசுவது வழக்கம். நான் இன்று, கல்வியைக் கொண்டு நாம் காக்க வேண்டிய ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது நீங்கள் வியர்வை சிந்திச் சேர்த்த பணம்.

முன்பெல்லாம் திருடன் பூட்டை உடைத்து வருவான். நாய் குரைக்கும்; லயத்தில் பத்துப் பேர் எழுந்து ஓடி வருவார்கள். இன்றைய திருடன் கைப்பேசியில் வருகிறான். நாய் குரைப்பதில்லை. நாமே பணத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுகிறோம்!

அவன் எப்படி வருவான்?

முதலாவது, பயமுறுத்தி வருவான். “உங்க பேர்ல ஒரு பார்சல் வந்திருக்கு, அதுல போதைப்பொருள் இருக்கு. நான் போலீஸ் பேசுறேன்” என்பான். இதைத்தான் ‘மக்காவ் மோசடி’ என்கிறார்கள். உண்மையான காவல்துறை தொலைபேசியில் வழக்கு நடத்தாது. “பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாத்துங்க” என்றும் கேட்காது.

இரண்டாவது, ஆசை காட்டி வருவான். “500 வெள்ளி போடுங்க, சாயங்காலமே 5,000 வெள்ளி” என்பான். கடன் தருகிறேன் என்று சொல்லி, முதலில் கட்டணம் கட்டச் சொல்வான். 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வரும் பெரியவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, கல்யாணப் பத்திரிகை போலவும் வருவான். ‘ஏ.பி.கே.’ என்று முடியும் கோப்பைப் பதிவிறக்கி நிறுவினால், வங்கி அனுப்பும் இரகசிய எண்ணைக் கூட அவன் படித்துவிடக் கூடும்.

வேஷம் பல, குணம் ஒன்றே. “உடனே செய்யுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்பான். அவசரமும் இரகசியமும் சேர்ந்து வந்தால், போனை வைத்துவிடுங்கள்.

பணம் அனுப்புமுன், காவல்துறையின் ‘செமாக் மியூல்’ இணையத்தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அதில் இல்லாததால் மட்டும் நல்லவன் என்று நம்பிவிடாதீர்கள். புதிய கணக்காகவும் இருக்கலாம்.

பணம் போய்விட்டதா? ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997 என்ற எண்ணை அழையுங்கள். 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையம் அது. காவல்துறையும் பேங்க் நெகாராவும் வங்கிகளும் அதில் இணைந்து செயல்படுகின்றன. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவைதாம் சாட்சி. திருடிய பணம் சில நிமிடங்களில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். அதனால்தான் இந்த அவசரம்.

இளைஞர்களே! அந்தக் கணக்குகள் யாருடையவை தெரியுமா? “கார்டைக் கொடு, சில நூறு வெள்ளி தர்றேன்” என்ற பேச்சை நம்பியவர்களுடையவை. மலாயில் இதை ‘அக்கௌன் கெல்டாய்’, அதாவது கழுதைக் கணக்கு என்பார்கள். பொதி சுமப்பது கழுதை, இலாபம் வேறொருவனுக்கு. ஆனால் போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரைத்தான். 2024இல் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி இதைத் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது.

பெற்றோர்களே, ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். “படிக்காத முட்டாள்” என்று ஏசினால், அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவன் திருடனே!

மாணவச் செல்வங்களே, வீட்டில் கைப்பேசியை நன்றாக அறிந்தவர்கள் நீங்கள். இன்று இரவே தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, 997 என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் பெற்ற கல்வி குடும்பத்துக்குப் பயன்படும் நாள் அதுவே.