ஏஸும் பத்தும்
(ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சீட்டாட்டத்தைப் பற்றி இங்கே பேசலாமா என்று செயலாளரைக் கேட்டேன். "கணக்கா இருந்தாப் பேசு" என்றார். கணக்குதான்.

2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். நான் அப்போது நியூ ஜெர்சியில் வேலையில் இருந்தேன். அதிலிருந்து எங்க ஆபீஸ் ஆட்களுக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரியானால் நோ லிமிட் போக்கர்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கொடுப்பார்கள். பொதுவில் ஐந்து சீட்டு பிறகு திறக்கும். முன்னால் இருக்கிற பணம் முழுவதையும் எந்த நேரமும் உள்ளே தள்ளலாம்; வில்லங்கமே அதில்தான்.

ஒரு ராத்திரி ஒன்பது பேர். முதலில் பேச வேண்டியவன் நான். கையில் ஏஸும் பத்தும். ஏஸைப் பார்த்ததும் யோசிக்காமல் பணத்தை ஏற்றினேன். பொதுச் சீட்டிலும் ஏஸ் விழுந்தது. விடுவேனா? மொத்தத்தையும் தள்ளினேன். எதிராளி திறந்தார்: ஏஸும் ராணியும். 400 டாலர் போச்சு. மகளின் பரதநாட்டிய வகுப்புக்கு எடுத்து வைத்த பணம் அது.

தூக்கம் வரவில்லை. காகிதத்தை எடுத்தேன். என் இரண்டு சீட்டு போக மீதி 50. அதில் 1,225 ஜோடி. அவற்றில் என்னை அமுக்கக்கூடியவை எவை? ஏஸ் ஜோடி 3, பத்து ஜோடி 3, ராஜா, ராணி, ஜாக்கி ஜோடிகள் தலா 6. ஏஸோடு ராஜாவோ ராணியோ ஜாக்கியோ சேர்ந்தால் தலா 12. ஆக 60. ஓர் ஆளிடம் அது இருக்க நூற்றுக்கு ஐந்து வாய்ப்புதான். ஆனால் எனக்குப் பின்னால் எட்டுப் பேர்! யாராவது ஒருவரிடம் இருக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு. இதே சீட்டு டீலர் இடத்தில் வந்து, முன்னால் எல்லாரும் கவிழ்த்துவிட்டால், மிச்சம் இரண்டே பேர். பத்தில் ஒன்றுதான். தாராளமாக ஏற்றலாம். அடுத்த சுற்றுகளில் கடைசியாகப் பேசுகிற சௌகரியம் வேறு.

அதற்காக ஏஸ் ஜோடிக்கே காத்திருக்க முடியுமா? 221 தடவைக்கு ஒரு தடவைதான் வரும். அதற்குள் கட்டாயப் பந்தயமே பணத்தைத் தின்றுவிடும்.

மறுநாள் காலையில் மனைவியிடம் சொன்னேன். கணக்கையும் காட்டினேன். "மேஜையில எத்தனை பேர்னு எண்ணினீங்க, வீட்ல எத்தனை பேர்னு எண்ணலியா?" என்றாள். பேராசிரியர் வைவாவில்கூட அப்படி நான் முழித்ததில்லை!

மகளின் வகுப்பு ஒரு மாதம் நின்றது. ஆட்டத்தை நான் விடவில்லை. 20 டாலருக்கு மேல் கொண்டுபோனதும் இல்லை. முதல் இடத்தில் ஏஸும் பத்தும் வந்தால் இன்றைக்கும் கவிழ்த்துவிடுகிறேன். கை மட்டும் கொஞ்சம் தயங்கும்.