சக்சபோன் வித்துவான் கத்ரி கோபால்நாத்

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலிலே கொடியேறும் நாட்களில் றபான் ஒலி எழும். சற்று வடக்கே பாண்டிருப்புப் பக்கத்திலே கோயில் உற்சவம் என்றால் நாதசுரமும் தவிலும் காற்றில் மிதந்து வரும். பாடசாலை விளையாட்டுப் போட்டியிலோ மாணவரின் பாண்டு வாத்தியம் அணிவகுப்புக்கு முன்னே செல்லும். இம்மூன்று ஒலிகளுக்கும் பழகிய காதுக்கு, எது எவ்விடத்துக்கு உரியது என்பதில் ஐயம் தோன்றுவதில்லை. நாதசுரம் இராகத்துக்கு உரியது; பித்தளைக் குழல் காலடிக்குத் தாளம் சொல்வதற்கு உரியது. இந்த எல்லையை ஏற்க மறுத்த ஒரு கலைஞரைப் பற்றியதே இன்றைய பேச்சு.

கத்ரி கோபால்நாத் 1949ஆம் ஆண்டு, இன்றைய கர்நாடக மாநிலத்தின் தென் கன்னடப் பகுதியில் பிறந்தவர். தந்தையார் தனியப்பா நாதசுர வித்துவான். மகனும் முதலில் கையில் எடுத்தது நாதசுரமே. இந்நிலையில் ஒருநாள் மைசூர் அரண்மனைப் பாண்டு வாத்தியத்திலே சக்சபோன் ஒலிக்கக் கேட்டார். கேட்டவர் அதனை மறக்க முடியாதவரானார். பரம்பரையாக வந்த குழல் இருக்க, அந்நியக் குழல் எதற்கு என்று கேட்பது எளிது. கோபால்நாத்துக்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன.

சக்சபோன் பெல்ஜியம் நாட்டவரான அடோல்ப் சக்ஸ் என்பவர் ஆக்கியது. 1846ஆம் ஆண்டு பாரிசு நகரில் அவர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். உடல் பித்தளையே ஆயினும், வாயருகே ஒற்றை நாணற்றகடு அதிர்வதால் ஒலி பிறக்கின்றது. ஆகவே டியூபா போன்ற பித்தளைக் கருவிகளின் இனத்தில் அதனைச் சேர்ப்பதில்லை. நமது நாதசுரத்தின் சீவாளியும் நாணலே. இந்த வகையில் இரண்டும் தூரத்து உறவுதான். இடர்ப்பாடு இருப்பது விரல்களில். நாதசுரத்தில் விரல் துளையின் மேலேயே படிகின்றது. துளையைச் சிறிது திறந்தும் சிறிது மூடியும், மூச்சை ஏற்றியும் இறக்கியும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். சக்சபோனில் விரலுக்கும் துளைக்கும் இடையே சாவியும் மூடியும் நிற்கின்றன. அமுக்கினால் ஒரு சுரம். விட்டால் வேறொரு சுரம். படிகளில் ஏறுவது போல ஏறலாமேயன்றி, ஊஞ்சல் போல ஆட இயலாது. ஆனால் கமகம் இல்லாத தோடி தோடியாகுமா? சுரங்களை வரிசையாக ஊதிவிட்டு இராகம் வாசித்தேன் என்று சொல்வது, எழுத்துக்களைக் கூட்டிப் படித்துவிட்டுக் கவிதை சொன்னேன் என்பதற்கு ஒப்பாகும்.

கோபால்நாத் மங்களூரில் கலாநிகேதனத்து கோபாலகிருஷ்ண ஐயரிடம் பயின்றார். அதன்பின் சென்னைக்கு வந்து, வாய்ப்பாட்டிலும் மிருதங்கத்திலும் வல்லவரான டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் சேர்ந்தார். குரு பாடியதைச் சீடர் குழலிலே தேட வேண்டியிருந்தது. உதட்டின் அழுத்தம், மூச்சின் அளவு, சாவியை முழுதும் அமுக்காத விரல் நயம் ஆகியவற்றால் வழுக்கும் ஒலியை வரவழைத்தார். கருவியிலும் தமக்கு ஏற்பச் சில மாற்றங்கள் செய்துகொண்டார். மேடையிலே சம்மணமிட்டு அமர்ந்து வாசித்தார். பளபளக்கும் பட்டுச் சட்டையும் விரல் நிறைந்த மோதிரங்களும் சிலருக்கு மிகையாகத் தோன்றியிருக்கலாம். கண்ணை மூடிக் கேட்டவருக்கு அந்தக் குறை இல்லை.

மேலைத்தேயக் கருவி ஒன்று நம் சபைக்கு வருவது அது முதன்முறையன்று. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொணர்ந்து பயன்படுத்தினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. கிளாரினெற்றை ஏ. கே. சி. நடராஜன் இராகம் பாட வைத்தார். ஆனால் வயலினில் விரல் தந்தியின் மேல் தடையின்றி ஓடும். சக்சபோன் அவ்வளவு எளிதில் இணங்குவதன்று.

1980ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவிலே கோபால்நாத் வாசித்தார். அவையில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் ஹாண்டி இருந்தார். அவரும் சக்சபோன் வித்துவான். சரோட் மேதை அலி அக்பர் கானுடன் முன்னரே சேர்ந்து வாசித்தவர். கோபால்நாத்தின் வாசிப்பைக் கேட்டதும், தாமும் உடன் வாசிக்கலாமா என்று விரும்பிக் கேட்டு மேடையேறினார். கவனிக்க வேண்டியது என்னவெனில், கோபால்நாத் ஜாஸ் இசையை நகல் செய்து அந்த மதிப்பைப் பெறவில்லை. கற்பனைசுரத்தை அவ்விடத்திலேயே புனைந்து பழகிய கலைஞருக்கு, அவ்விடத்திலேயே புனையும் ஜாஸ் கலைஞரோடு உரையாடுவது அந்நியமாயிருக்கவில்லை. தம் மொழியிலேயே அவர் பேசினார், மற்றவர் விளங்கிக்கொண்டார்.

1994ஆம் ஆண்டு இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் பி.பி.சி. நடத்தும் புரொமனேட் இசை விழாவுக்கு அழைக்கப்பட்ட முதற் கர்நாடக இசைக் கலைஞர் அவரே. அதே ஆண்டில் கே. பாலசந்தரின் ‘டூயட்’ திரைப்படம் வெளிவந்தது. ஏ. ஆர். ரகுமானின் இசையிலே அதில் ஒலித்த சக்சபோன் கோபால்நாத்தினது. சபாவின் வாசலை மிதியாத இலட்சக்கணக்கானோர் அந்தக் குழலின் குரலை அறிந்தது இப்படத்தினாலேயே. 2004இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 2019 ஒக்டோபர் 11ஆம் திகதி மங்களூரில் அவர் காலமானார்.

அவர் வாழ்விலே இன்னொரு செய்தி உண்டு. அமெரிக்காவில் வளர்ந்த, தென்னிந்தியக் குடும்பத்து இளைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா ஜாஸ் சக்சபோன் பயின்றுகொண்டிருந்தார். இந்திய முறைச் சக்சபோன் என்று தலைப்பிட்ட இசைப்பதிவு ஒன்றை அவருடைய சகோதரர் வேடிக்கையாகப் பரிசளித்தார். சிரிப்பதற்காகக் கொடுத்த பரிசு அது. அதில் வாசித்தவர் கோபால்நாத். இளைஞர் கேட்டார், சிரிக்கவில்லை. பல ஆண்டுகளின் பின் அவரைத் தேடி வந்து, இருவரும் சேர்ந்து வாசித்தனர். வயலினில் ஏ. கன்யாகுமரி உடனிருந்தார். 2008இல் அந்த இசைப்பதிவு வெளிவந்தது. அதற்கு இட்ட பெயர் ‘கின்ஸ்மென்’. உறவினர் என்பது அதன் பொருள்.