மார்பின் நிழற்படமும் நுரையீரல் நோயும்

(மங்கலம்பேட்டையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட யான் மருத்துவத்தைப் பற்றிப் பேச எழுந்தது உங்களிற் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். சென்ற கூட்டத்தில் நம் மருத்துவ உதவி நிதியைக் குறித்து நிகழ்ந்த வாதமே இதற்குக் காரணம். சுரங்கண்டு மருத்துவமனை புகும் உறுப்பினர்க்கு ஸ்கேன் செலவைச் சங்கமே ஏற்றல் வேண்டும் என்றார் ஒரு சாரார். எக்ஸ்-ரே படமே அமையும், பெருஞ்செலவு வேண்டா என்றார் மற்றொரு சாரார். வழக்கு நெடுநேரம் நடந்தது. எனினும், அப்படம் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை இருதிறத்தாரும் ஆராய்ந்திலர். ஆகலின் மருத்துவ நூல்கள் சிலவற்றைப் பயின்றும் மருத்துவ நண்பர்களை வினவியும் அறிந்தவற்றை ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தேன்.

மார்பின் உள்ளே நிகழ்வதைப் புறத்திருந்து அறிதல் பண்டுதொட்டு மருத்துவர்க்கு அரிய செயலாகவே இருந்தது. வியன்னா நகரத்து மருத்துவர் அவன்பிரகர் என்பார் 1761-ல் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு நோயறியும் முறையை நூலாக வெளியிட்டார். அவர் தந்தையார் விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி மது எவ்வளவு நிற்கிறதென்று அறிவதை இளமையிற் கண்டதே அவர்க்கு இம்முறையைத் தோற்றுவித்தது என்பர். நமக்கு இது புதிதன்று. சூளையினின்று எடுத்த கலத்தைச் சுண்டிப் பார்த்து, ஓசையினாலேயே கீறல் உண்டா இன்றா என்று சொல்லும் கைகள் விருத்தாசலத்தில் எத்தனை இல்லை! பின்னர் 1816-ல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் மார்பொலி கேட்கும் குழலை அமைத்தார். இவையிரண்டும் செவியின் துணை கொண்டவை. கண்ணின் துணை கிடைத்தது 1895 நவம்பர் 8-ஆம் நாள். ஜெர்மனி நாட்டு வூர்ட்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ரான்ட்கன், கண்ணுக்குப் புலனாகாத ஒருவகைக் கதிர் சதையை ஊடுருவிச் செல்லக் கண்டார். அறியப்படாத பொருட்கு எக்ஸ் என்னும் எழுத்தை இடுதல் கணித நூலார் வழக்காகலின் அதற்கு அப்பெயரே நின்றது. பெளதிகத்திற்குரிய முதல் நோபெல் பரிசு 1901-ல் அவர்க்கே வழங்கப்பெற்றது. சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் 1934-ல் நிறுவப்பெற்ற பார்னார்டு கதிரியல் நிலையம் நம் மாநிலத்தில் இக்கலையை வளர்த்த தாய் எனலாம்.

நிற்க. எக்ஸ்-ரே படம் என்பது ஒரு நிழலேயன்றி வேறன்று. காற்று நிறைந்த இடத்தைக் கதிர் எளிதிற் கடந்து செல்லும். அவ்விடம் படத்திற் கறுத்துத் தோன்றும். எலும்பு கதிரைத் தடுக்கும். அது வெளுத்துத் தோன்றும். நலமுற்றவன் நுரையீரல் இரண்டும், விலாவெலும்புகள் குறுக்கே ஓட, இரு கரிய வயல்கள் போலக் காணப்படும். நோயால் நுண்ணிய காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்ளின், கறுப்பாய் இருக்கவேண்டிய இடம் வெளுக்கும். பாக்டீரியா என்னும் கிருமியால் வரும் நிமோனியா பெரும்பாலும் நுரையீரலின் ஒரு பிரிவைப் பற்றி அதனை அடர்ந்த வெண்மையாக்கும். வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருவதோ இருபுறமும் சிதறி, மங்கிய வெண்மையாய்ப் படர்தல் பெரும்பான்மை. மார்கழி வைகறையில் விருத்தாசலம் செல்லும் பேருந்தின் கண்ணாடியில் நம் மூச்சுப் படிந்து, வெளியே உள்ள மரமும் தெரிந்தும் தெரியாமலும் இருக்குமே, அத்தன்மையது அவ்வெண்மை. ஆயினும் இவ்வேறுபாடு வழுவாத இலக்கணம் அன்று, புறனடைகள் பலவுள. படத்தை மட்டும் நோக்கி இன்ன கிருமி என்று அறுதியிடுதல் மருத்துவர்க்கும் இயலாது.

கொரோனா நோய் இந்நாட்டில் முதன்முதல் 2020 ஜனவரி 30-ல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. மார்ச் 7-ல் நம் மாநிலத்திற் கண்டறியப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேட்டுச் சந்தையினின்று ஊர்திரும்பிய தொழிலாளரோடு அது நம் கடலூர் மாவட்டத்துட் புகுந்து பெருகியதை நீவிர் மறந்திரீர். அவ்வாண்டே ஹாங்காங் மருத்துவர்கள் அந்நோயுற்ற 64 பேரின் மார்புப் படங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். நோயாளர் நூற்றுவருள் 69 பேர்க்கே முதற் படத்தில் மாறுதல் தெரிந்தது என்பது அவர்கள் கண்ட கணக்கு. முதலில் எடுத்த சளிச்சோதனையோ 91 பேரைக் காட்டிற்று. படத்திற் காணும் மாறுதல் மிக முற்றியது நோய்க்குறி தோன்றிய 10 முதல் 12 நாள்களில் என்பதும் அவர்கள் கண்டதே. நம்மவர் முதற்கண் மனத்திற் கொள்ள வேண்டுவது இச்செய்தி. மூன்றாம் நாட் படம் தெளிவாயிருத்தல் பத்தாம் நாளுக்கு ஈடு ஆகாது.

2021 மே மாதத்தில், மாநிலத்தில் ஒரே நாளில் 36,000 பேர்க்கு மேல் புதிதாக நோயுற்றதாகக் கணக்கிடப்பட்ட அக்கொடிய நாள்களில், என் மைத்துனர் சுரங்கண்ட மூன்றாம் நாள் ஒரு மருத்துவ நிலையத்திற்குச் சென்றார். படம் எடுத்தனர், நுரையீரல் தெளிவு என்றனர், அஞ்சற்க என்று விடுத்தனர். எக்குறி கண்டால் மீண்டும் வருதல் வேண்டும் என்று ஒருவரும் உரைத்திலர். அவரோ அப்படத்தை அபயக்கை எனக் கொண்டு வீட்டிலிருந்தார். ஒன்பதாம் நாள் திண்ணைப் படி ஏறமாட்டாது அமர்ந்துவிட்டார். அன்று எடுத்த படத்தில் இருபுறத்துக் கீழ்ப்பாகமும் வெளுத்திருந்தது. பதினாறு நாள் பிராணவாயு பெற்றுப் பிழைத்தார். அவருடன் அதே கூடத்திற் கிடந்தோர் அனைவர்க்கும் அப்பேறு வாய்க்கவில்லை.

படத்தில் நோயின் அளவைக் குறிக்கவும் முறை வகுத்துள்ளனர். இத்தாலி நாட்டுப் பிரெஷா நகர மருத்துவர் நுரையீரல்களை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 3 வரை எண்ணிட்டு, 18-க்கு இவ்வளவு என்பர். பள்ளியில் எண் மிகுந்தால் பெற்றோர் மகிழ்வர். இங்கே மிகுந்தால் அழுவர். இவ்வெண்ணின் பயன் நேற்றைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிடுதற்கண் உள்ளது. ஸ்கேனுக்கும் 25-க்கு இத்துணை என்னும் கணக்கு உண்டு. 2021-ல் தெருவெங்கும் "உனக்கு எத்தனை?" என்று அதனையே வினவித் திரிந்தனர். விரலில் மாட்டும் சிறு கருவி காட்டும் பிராணவாயு அளவு 94-க்குக் குறைந்ததா என்று வினவியோர் சிலரே. உயிருக்கு அண்மையது அவ்வெண்ணே என்பது என் கருத்து.

ஸ்கேன் நுண்மையாகக் காட்டும் என்பதில் ஐயமில்லை. எக்ஸ்-ரேயில் தெரியாத தொடக்கநிலை மாறுதலும், இரத்தக் குழாயில் உறைந்த கட்டியும் அதில் தெரியலாம். ஆயினும் நோயைக் கண்டறியும் முதற்சோதனையாக அதனைக் கொள்ளற்க என்றும், வேண்டுமிடத்துப் படுக்கையருகே கொணரும் எக்ஸ்-ரே கருவியைப் பயன்படுத்தலாம் என்றும் அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2020 மார்ச்சிலேயே அறிவித்தது. நோயாளியைக் கூடம்விட்டுக் கூடம் கொண்டுசெல்லின் தொற்றும் உடன்செல்லும் அன்றோ? 2021 மே மாதத்தில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் அந்நாள் இயக்குநர் குலேரியா, ஒரு ஸ்கேன் 300 முதல் 400 எக்ஸ்-ரேக்கு ஒப்பாகும் என்றார். இந்தியக் கதிரியலார் சங்கம் அது பழைய கணக்கென்று மறுத்து, இக்காலத்துக் குறைந்த கதிர்க் கருவிகளில் அது 5 முதல் 10-க்கே ஒப்பாகும் என்றது. கருவிக்குத் தக்கவாறு வேறுபடும் ஒன்றைப் பற்றிப் பெரியோர் இருவர் இருவகையாகக் கூறுதல் இயல்பே. காரணமின்றி எடுத்தலாகாது என்பதில் இருவர்க்கும் மாறுபாடு இல்லை.

படுக்கையில் எடுக்கும் படத்திற்கும் குறையுண்டு. கதிர் முன்புறமிருந்து வருதலின் இதயம் உள்ளதினும் பெரிதாகத் தோன்றும். நோயாளி மூச்சை நன்கு உள்ளிழுத்து நிறுத்தாவிடின் நுரையீரல் சுருங்கி, இல்லாத நோயும் இருப்பது போல் மயக்கும். ஆதலின் "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்று சொல்லுங்கால் அதனைச் சடங்கென்று எண்ணாதீர்கள். கருவுற்ற மகளிர் அச்செய்தியை முன்னரே உரைத்தல் வேண்டும்.

நம் வட்டாரத்தார்க்குத் தனியே ஒன்று கூறுதல் வேண்டும். பீங்கான் தொழிலில் மணற்சத்துத் தூளை ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உட்கொண்டவர்க்குச் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வருதலுண்டு. அது நுரையீரலின் மேற்பாகத்தில் சிறு மணிகள் போன்ற வெண்புள்ளிகளாக நிலைத்துவிடும். அத்தகையார் புதுச் சுரத்தோடு மருத்துவமனை புகும்பொழுது, பழைய வெண்மை எது, புதிய வெண்மை எது என்று பிரித்தறிதற்குப் பழைய படமே துணை. நம் இல்லங்களிலோ பழைய படம் பரண்மேல் நனைந்து கிடக்கும், அல்லது குழந்தைகள் சூரிய கிரகணம் பார்க்கக் கேட்டு எடுத்துச் செல்வர். (அதனூடே கிரகணம் பார்த்தல் கண்ணுக்குக் கேடு என்பதையும் போகிற போக்கிற் சொல்லிவிடுகிறேன்.) நாள் குறித்து, பெயர் எழுதி, ஓர் உறையிலிட்டுக் காப்பீர்களாக. தாம் செய்யும் தொழிலையும் மருத்துவரிடம் ஒளியாது உரைத்தல் வேண்டும்.

இனி நம் நிதிக்கு வருவோம். நுரையீரல் நோயென ஐயுற்று மருத்துவமனை புகும் உறுப்பினர்க்கு முதற் படத்தின் செலவோடு, மருத்துவர் வேண்டுமென்னும் இரண்டாம் படம், மூன்றாம் படம் ஆகியவற்றின் செலவையும் சங்கம் ஏற்க. மருத்துவர் காரணங்காட்டி எழுதித் தந்தால் ஸ்கேன் செலவையும் ஏற்க. உறவினர் அச்சத்தால் தாமே எடுப்பதற்கு ஏற்க வேண்டா. பிராணவாயு அளக்கும் விரற்கருவிகள் பத்து வாங்கிச் செயலாளர் இல்லத்தில் வைத்து, சுரமுற்ற வீட்டார்க்கு இரவலாகத் தருக. இம்மூன்றையும் தீர்மானமாக எழுதி அவைத்தலைவர் அவர்களிடம் அளித்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் ஆராய்ந்து முடிவு செய்யுமாறு வேண்டுகிறேன்.