பள்ளியின் கடைசி ஆண்டு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் இறுதி ஆண்டான பன்னிரண்டாம் வகுப்பில், கட்டாயப் பாடங்கள் சில போக மற்றவற்றை மாணவரே தேர்ந்தெடுப்பதால், கல்லூரிக்கு விண்ணப்பித்தவுடன் எளிய பாடங்களில் ஒதுங்கும் ஆசை பலருக்கு எழுகிறது. ஆசை இயல்பானது, இழப்போ பெரிது. பட்டப்படிப்பை முடிப்பதற்கும் பள்ளியில் படித்த பாடங்களின் கடுமைக்கும் உள்ள தொடர்பு, மதிப்பெண் சராசரியோடு உள்ள தொடர்பைவிட வலுவானது என்று, அமெரிக்கக் கல்வித்துறை 1999-இல் வெளியிட்ட கிளிஃபர்ட் அடெல்மனின் ஆய்வு காட்டியது.

கடினப் பாடங்களுள் கணிதமே முதன்மையானது. ஓராண்டு ஓட்டாமல் நிறுத்திய மிதிவண்டியின் சங்கிலி துருவேறுவதுபோல, ஓராண்டு கைவிட்ட கணிதமும் இறுகிவிடுகிறது. ஆகவே இறுதி ஆண்டிலும் கணிதம் தொடர வேண்டும்.

பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் கற்பிக்கப்படும் ‘ஏ.பி.’ பாடங்களுக்கு மே மாதத்தில் தேர்வு நடக்கிறது. ஐந்துக்கு மூன்றோ அதற்கு மேலோ பெற்றால், பல கல்லூரிகள் அதைத் தம் பாடக்கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. எல்லாப் பாடமும் கடினமாக இருக்க வேண்டியதில்லை; உறக்கத்தைத் தின்னும் சுமை பயனற்றது. மேற்படிப்புக்கு உரிய துறையில் இரண்டு மூன்று கடினப் பாடங்கள் போதும். சேர்க்கை கிடைத்த பின்னும் கல்லூரிகள் இறுதி மதிப்பெண் பட்டியலைக் கேட்டுப் பெறுகின்றன என்பதையும், மதிப்பெண் வெகுவாகச் சரிந்தால் சேர்க்கையையே திரும்பப் பெறக்கூடும் என்பதையும் பெற்றோர் முன்னதாகவே அறிந்திருப்பது நல்லது.