அந்தரங்கம் கடைச் சரக்கல்ல!
(திருப்பூர் பனியன் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே!

பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் நம் கையில் இருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன். அதை ஆள்வது கூகுள். அதன் பெரும் வருமானம் விளம்பரம். விளம்பரத்துக்கு மூலப்பொருள் எது? நாம் எங்கே போகிறோம், எதைத் தேடுகிறோம் என்ற தகவல்!

ஆப்பிள் அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்கிறது. அனுமதி கேட்காமல் செயலிகள் நம்மைப் பின்தொடரக் கூடாதென்று 2021-ல் விதி செய்தது. நல்லதுதான். ஆனால், அந்தப் போன் வாங்க நமது பல மாதச் சம்பளம் வேண்டுமே! காசுள்ளவனுக்கு மட்டுமா அந்தரங்கம்?

இவ்விருவரும் பகைவர்களா? ஆப்பிள் கருவிகளில் தன் தேடுபொறிக்கு முதலிடம் பெற, 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்த கணக்கு இது.

அதே ஆண்டு அக்டோபரில், ஆண்ட்ராய்டு ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. அபராதம் கஜானாவுக்குப் போகும். எடுத்த தகவல் நம்மிடம் திரும்புமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எட்டு மணி நேர வேலையை முதலாளிகளின் போட்டியா தந்தது? தொழிலாளர் ஒற்றுமை தந்தது! இந்த உரிமையையும் அப்படித்தான் காக்க வேண்டும். இன்றிரவே போனைத் திறந்து, தேவையற்ற அனுமதிகளை நிறுத்துங்கள். நாளை சங்கத்தில் கூடிப் பேசுவோம்!