உப்பு பார்க்க வந்தவர் இலை கேட்கலாமா?

நடுவர் அவர்களே! எதிரணித் தம்பி வெகு வேகமாகப் பேசிவிட்டு உட்கார்ந்தார். அவர் கட்சியே வேகம்தானே! (சிரிப்பு)

"காசை வாங்கிக்கொண்டு விளையாட்டை முடிக்காமல் இழுக்கிறார்" என்கிறார். யாரைச் சொல்கிறார்? போலந்துக்காரர் கிரெக் ஸ்டிச்செனை. பெரும்பாலும் தனியாளாக அவர் உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டு 'மேனர் லார்ட்ஸ்'. 2024 ஏப்ரல் 26-இல், வேலை முடியுமுன்பே விற்பனைக்கு விட்டார். இதற்கு 'எர்லி ஆக்சஸ்' என்று பெயர். நம்ம வீட்டு மொழியிலே சொன்னால், குழம்பு கொதிக்கும்போதே "கொஞ்சம் உப்பு பாருங்க" என்று கூப்பிடுவது. முதல் நாளிலேயே 10 லட்சம் பிரதி விற்றது. அத்தனை பேரும் கரண்டியோடு வந்துட்டாங்க! (சிரிப்பு)

மூன்றே மாதம். ஜூலையிலே இன்னொரு விளையாட்டு நிறுவனத் தலைவர், "புதுசு வரத் தாமதமாகுது, ஆடுகிறவங்க குறையுறாங்க" என்று குறை சொன்னார். வெளியீட்டாளர் டிம் பெண்டர் மறுத்தார். வாங்கியவர்கள் மகிழ்ச்சியாக ஆடினார்கள். ஓய்ந்துபோய் மறுபடி வரட்டும். முடிவில்லாத ஓட்டத்தில் படைப்பாளியைத் தள்ளாதீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

யோசியுங்கள் ஐயா! 10 லட்சம் வாய். சமைப்பவருக்கு இரண்டே கை. ஒருவர் உப்பு என்கிறார், ஒருவர் புளி என்கிறார். எல்லாரையும் கேட்டு அவசரமாய்க் கொட்டினால் குழம்பு என்னாகும்?

அமெரிக்காவில் எரிக் பரோன், 'ஸ்டார்டியூ வேலி'யை நாலரை ஆண்டு தனியாகச் செய்தார். படம், இசை, கதை, நிரல் எல்லாம் அவரே. சாயங்காலம் தியேட்டரில் இடம் காட்டும் வேலை. முடியும்வரை யாருக்கும் விற்கவில்லை. 2016-இல் வந்தது, இன்று 4 கோடிப் பிரதியைத் தாண்டிவிட்டது. (கைதட்டல்)

"அவர் காசு வாங்கலையே, இவர் வாங்கினாரே?" என்று தம்பி மடக்குவார். நியாயம்! அதனால்தான் ஸ்டீம் கடையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: சிலது முடியாமலே போகலாம், இப்போது இருக்கிற நிலையில் பிடித்தால் மட்டும் வாங்குங்கள் என்று. படித்துவிட்டுத்தானே வாங்கினோம்?

ஆனால் காசு வாங்கினவருக்கும் ஒரு கடமை உண்டு. "இன்னும் வேகலை, பொறுங்க" என்று அடுப்படியிலிருந்து குரலாவது கொடுக்கணும். நிதானத்தை மன்னிக்கலாம்; மௌனத்தை மன்னிக்க முடியாது.

குரல் கொடுக்கிறவரை விரட்டாதீர்கள். அடுப்படியில் இருப்பது ஒரே ஆள். அவர் மயங்கி விழுந்தால் உப்பும் இல்லை, குழம்பும் இல்லை என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)